காசு குடுத்துட்டு நாமளே டென்ட் அடிக்கணுமா? தெற்கு ஆப்பிரிக்கா ட்ரக் பயணம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கேப் டவுன்ல கிளம்பி நமீபியா, போட்ஸ்வானா வழியா ஜிம்பாப்வேல இருக்கற விக்டோரியா அருவி வரைக்கும் 20 நாள் ட்ரக்லயே போயி டென்ட்லயே தூங்கினத எழுதியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு சத்தியமா நினைக்கல. ஒரே மாதிரி கேட்டதெல்லாம் சேர்த்து, பேர் போட வேணாம்னு பல பேர் சொன்னதால ஊர் மட்டும் போட்டு, தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.

அக்கா, அவ்ளோ காசு குடுத்து போயிட்டு நாமளே டென்ட் அடிக்கணும், காய் நறுக்கணும், பாத்திரம் கழுவணும்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு காசு? என் வீட்டுக்காரர் படிச்சிட்டு ஒரே சிரிப்பு. (சேலம் வாசகி)

உங்க வீட்டுக்காரர் கேக்கறது நியாயமான கேள்விதான்மா. முதல்ல அந்த ட்ரக் எப்படின்னு சொல்றேன். பார்க்க லாரி மாதிரிதான் இருக்கும், உண்மைல லாரி சேஸிஸ் மேல கட்டினதுதான், உள்ள 20, 24 சீட்டு, ரெண்டு பக்கமும் பெரிய ஜன்னல், பின்னாடி ஆளுக்கு ஒரு லாக்கர். வெளிப்பக்கம் ஒரு கதவத் திறந்தா அப்படியே ஒரு சமையலறை வெளிய வரும், மடக்குற மேஜை, கேஸ் அடுப்பு, பாத்திரப் பெட்டி எல்லாம் அதுக்குள்ள. தண்ணி டேங்க், ஃப்ரிட்ஜ், டென்ட், நாற்காலி எல்லாம் அதுலயே ஏறி வருது. இவ்ளோத்துக்கும் ஊழியர்கள் ரெண்டு பேர், சில ட்ரிப்ல மூணு பேர்தான். ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் கைடு, சமையலும் அவங்களுக்குள்ளயே பிரிச்சுக்குவாங்க. 20 பேருக்கு டென்ட் அடிச்சு, சமைச்சு, கழுவி, மறுநாள் காலைல 5 மணிக்கு மடக்கி ஏத்தறதுன்னா அவங்க எப்ப தூங்கறது? அதனாலதான் வேலைய எல்லாருக்கும் பிரிச்சு விடறாங்க, லாட்ஜ்ல தங்கற சஃபாரிய விட செலவு குறைவா இருக்கறதுக்கும் இதுதான் பெரிய காரணம்.

ஆனா நான் சொல்ல வர்றது காசு கணக்கு இல்ல. அந்த வேலைதான் அந்தப் பயணமே. இத நான் மனசார நம்பறேன். பாத்திரம் கழுவினதும் துணி வச்சு துடைக்க மாட்டாங்க, ஒரே துணில 20 தட்ட துடைச்சா ஒருத்தருக்கு வயித்துப்போக்குன்னா எல்லாருக்கும் வந்துரும்னு, கையில ரெண்டு தட்டு பிடிச்சு காத்துல விசிறி விசிறி உலர்த்தணும். முதல் நாள் செடர்பர்க் மலைப்பக்கம் ஒரு கேம்ப்சைட்ல, பேரு கூட சரியா தெரியாத ஆறு பேர் வட்டமா நின்னு கைய றெக்கை மாதிரி ஆட்டிக்கிட்டு இருந்தோம், எனக்குப் பக்கத்துல ஒரு டச்சு பாட்டி, எதிர்ல கொரியா பையன். அந்தப் பத்து நிமிஷத்துல வந்த பழக்கம் ஒரு வாரம் பஸ்ல பக்கத்துப் பக்கத்துல உக்காந்து வந்தாலும் வராது. டென்ட்டும் அப்படித்தான், முதல் நாள் 25 நிமிஷம் ஆச்சு, அஞ்சாம் நாள் ரெண்டு பேரா சேர்ந்தா 5 நிமிஷம், எந்தப் பக்கம் காத்து அடிக்குது, எந்த இடத்துல எறும்புப் புத்து இருக்கு, எந்த மரத்தடில காலைல நிழல் விழும்னு கண்ணு தானா பார்க்க ஆரம்பிச்சுரும். அந்த மண்ண கையால தொட்டு, ஆணி அடிச்சு, தட்டி பார்த்து, அதுமேலயே படுத்துத்தான் அந்த ஊரு எனக்குத் தெரிஞ்சது. இத வேலைன்னு நினைக்கறவங்க தயவுசெஞ்சு இந்த ட்ரிப்ல போகாதீங்க, நீங்களும் சந்தோஷமா இருக்க மாட்டீங்க, கூட வர்றவங்களும் இருக்க மாட்டாங்க.

ஜூலைல போறோம். ஆப்பிரிக்கா தானே, ஸ்வெட்டர் எல்லாம் தேவைப்படாதுல்ல? (கோயம்புத்தூர் வாசகர்)

தேவைப்படும் சார். இந்த ஒரு விஷயத்துல நான் பட்ட கஷ்டம் நீங்க படக்கூடாது. எனக்கு டிக்கெட் போட்டுக் குடுத்த ஏஜென்ட்டும் "ஆப்பிரிக்கா மேடம், காட்டன் டிரஸ் போதும்"னுதான் சொன்னாரு, நானும் நம்பி மெலிசா ஒரு ஸ்லீப்பிங் பேக் வாங்கிட்டு போனேன். அங்க ஜூன், ஜூலை, ஆகஸ்ட் குளிர்காலம், அது பூமத்திய ரேகைக்குத் தெற்கு. நமீப் பாலைவனத்துலயும் கலஹாரிலயும் பகல்ல டி-ஷர்ட் போட்டு நடக்கலாம், சூரியன் இறங்கின உடனே யாரோ கதவத் தொறந்து விட்ட மாதிரி குளிர் வரும், விடியக்காலைல பூஜ்ஜியத்துக்குக் கீழயும் போகும். நமீப்ல செஸ்ரீம்ங்கற கேம்ப்ல ஒரு ராத்திரி நான் வச்சிருந்த எல்லா துணியையும் ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக்கிட்டு, அதுக்கு மேல டவல சுத்திக்கிட்டு, தூங்காம உக்காந்தே இருந்தேன். 0 டிகிரிக்கு தாங்கும்னு போட்டிருக்கற ஸ்லீப்பிங் பேக், தெர்மல் உள்ளாடை ஒரு செட், குல்லா, கையுறை, கெட்டியான சாக்ஸ். இதுல எதையும் விடாதீங்க. மெத்தை மட்டும் அவங்களே குடுப்பாங்க, மெலிசான ஃபோம் மெத்தை.

பெட்டிய பத்தியும் இங்கயே சொல்லிர்றேன். சக்கரம் வச்ச கெட்டி சூட்கேஸ் வேண்டவே வேண்டாம், லாக்கர்ல நுழையாது. துணிப்பை மாதிரி அமுக்கினா அமுங்கற டஃபல் பேக்தான் சரி.

டென்ட்டுக்குள்ள தூங்கறப்ப சிங்கம் யானை வராதா? பயமா இல்லையா? (மதுரை, விருதுநகர், நாகர்கோவில்னு ஒன்பது பேர் கேட்டிருக்கீங்க)

வரும். மறைச்சு என்ன ஆகப்போகுது. தென்னாப்பிரிக்கா, நமீபியா பக்கம் நிறைய கேம்ப்சைட்ல வேலி இருக்கும். போட்ஸ்வானாவுல ஒகவாங்கோ ஆத்து டெல்டாவுக்குள்ளயும் சோபே தேசியப் பூங்கா பக்கமும் பல இடத்துல வேலியே கிடையாது, அது அவங்க வீடு, நாமதான் விருந்தாளி.

டெல்டாவுல ரெண்டு ராத்திரி தங்கினோம். மொகோரோன்னு ஒரு ஓடம், அந்தக் காலத்துல ஒரே மரத்தக் குடைஞ்சு செய்வாங்க, இப்ப மரத்த காப்பாத்தணும்னு பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். பின்னாடி ஒருத்தர் நின்னுக்கிட்டு நீளமான கம்ப ஊனி ஊனித் தள்ளுவாரு, நாம ஓடத்தோட அடில கால நீட்டி உக்காந்தா தண்ணி நம்ம இடுப்பு மட்டத்துல போகும், மூஞ்சிக்கு நேரா அல்லிப் பூ. அப்படி ஒரு தீவுக்குப் போயி டென்ட் போட்டோம். நடு ராத்திரி முழிப்பு வந்தது, என்னமோ கிழிக்கற சத்தம், அப்புறம் நிதானமா மெல்லற சத்தம், நடுவுல வயித்துக்குள்ள உருளற மாதிரி ஒரு கடமுடா. யானை. என் டென்ட்டுக்கும் அதுக்கும் நடுவுல பத்தடி இருக்குமா தெரியல. நிலா வெளிச்சத்துல டென்ட் துணி மேல அதோட நிழல் அப்படியே நகர்ந்து போச்சு. நான் மூச்ச கூட அளந்து அளந்து விட்டேன். ஒரு அரை மணி நேரம் நின்னு தின்னுட்டு, ஒரு கயித்தக் கூட மிதிக்காம போயிருச்சு. காலைல பார்த்தா என் டென்ட் ஆணிக்குப் பக்கத்துல முறம் அளவுக்கு காலடி, அதுக்குள்ள சுருக்கம் சுருக்கமா கோடு கோடா கைரேகை மாதிரி.

பயமா இருந்துச்சா? இருந்துச்சு. ஆனா விதிமுறைகள் இருக்கு, அத கேட்டா பெரிய ஆபத்து இல்ல. டென்ட் ஜிப்ப எப்பவும் முழுசா மூடணும், பகல்லயும், இல்லன்னா தேள் வரும், குரங்கு புகுந்து எல்லாத்தையும் கலைச்சுப் போடும். உள்ள சாப்பாடு வைக்கவே கூடாது, ஒரு ஆரஞ்சுப் பழம் கூட, யானைக்கு அந்த வாசனை அவ்ளோ பிடிக்கும், தூரத்துல இருந்தே தெரிஞ்சுரும். ஷூவ வெளிய விடாதீங்க, நரி தூக்கிட்டு போயிரும், இது விளையாட்டுக்கு சொல்லல, எங்க குரூப்ல ஒருத்தர் ஒத்தக் கால் செருப்போட மிச்ச ட்ரிப்ப முடிச்சாரு. ஷூவ போட்டுக்கறதுக்கு முன்னாடி ஒரு உதறு உதறுங்க. ராத்திரி அவசரம்னா முதல்ல ஜிப்ப கொஞ்சமா தொறந்து டார்ச் அடிச்சு சுத்தியும் பாருங்க, கண்ணு மின்னுச்சுன்னா உள்ளயே இருங்க. கைடு ஓடாதன்னா ஓடாதீங்க, எந்த மிருகத்தப் பார்த்தாலும் ஓட்டம் மட்டும் கூடாது.

பெண்கள் கேக்கத் தயங்கற கேள்வி. பாத்ரூம், குளியல், மாதவிலக்கு நாள் எல்லாம் எப்படி சமாளிச்சீங்க? (தஞ்சாவூர் வாசகி)

தயங்காம கேட்டதுக்கு நன்றி. பெரும்பாலான கேம்ப்சைட்ல டாய்லெட், ஷவர் இருக்கு, பல இடத்துல நம்ம ஊரு பஸ் ஸ்டாண்ட விட எவ்வளவோ சுத்தம். சுடுதண்ணிக்கு ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க, டாங்கி பாய்லர்னு சொல்றாங்க, இரும்பு டிரம்முக்கு அடில விறகு எரியும், நம்ம வெந்நீர் அண்டா மாதிரியே. சாயங்காலம் பத்த வைப்பாங்க, சீக்கிரம் போறவங்களுக்கு கொதிக்கக் கொதிக்கத் தண்ணி, கடைசில போறவங்களுக்கு பச்சத் தண்ணி.

டெல்டா தீவுல மட்டும் ஒண்ணும் கிடையாது. கொஞ்சம் தள்ளி ஒரு குழி வெட்டி, மண்வெட்டிய பாதை முனைல நட்டு வச்சிருப்பாங்க. மண்வெட்டி அங்க இருந்தா யாரும் இல்ல, காணலன்னா யாரோ போயிருக்காங்க, காத்திருக்கணும். முடிஞ்சதும் மண்ணப் போட்டு மூடணும். பகல்ல ரோட்டுல போறப்ப ட்ரக்க நிறுத்தி பெண்கள் ஒரு பக்கம் ஆண்கள் ஒரு பக்கம்னு புதர் மறைவுக்குப் போறதுதான். முதல் தடவை கூச்சமா இருக்கும், மூணாவது தடவை இருக்காது.

மாதவிலக்குக்கு வேண்டியத மொத்தமா இங்கருந்தே எடுத்துட்டு போங்க, கூடவே இருட்டுக் கலர்ல ஜிப் வச்ச கவர் ஒரு பத்து. காட்டுக்குள்ள எதையும் புதைக்கக் கூடாது, மிருகம் தோண்டிரும், கவர்ல போட்டு ட்ரக்குக்கு கொண்டு வந்து ஊர் வந்ததும் குப்பைல போடணும். மென்ஸ்ட்ருவல் கப் பழக்கம் இருந்தா ரொம்ப நல்லது. கைடு கிட்ட சொல்லி வைங்க, வயித்து வலின்னா அன்னிக்கு உங்கள பாத்திர வேலைல போட மாட்டாங்க, கேட்டா எல்லாரும் மாறிக்குவாங்க.

நாங்க சுத்த சைவம். அங்க கறி இல்லாம ஒண்ணும் கிடையாதாமே? (ஸ்ரீரங்கம் வாசகர்)

நானும் சைவம்தான் சார், 20 நாளும் வயிறு நிறைய சாப்பிட்டேன். அவங்களுக்கு கறி உயிர், அது உண்மை, சாயங்காலம் ஆனா தணல் போட்டு கறி சுடுவாங்க, ப்ராய்னு பேரு. ஆனா புக் பண்றப்பவே சைவம்னு எழுதிக் குடுத்தா தனியா பண்ணித் தர்றாங்க. முட்டை, பால் எப்படின்னு பிரிச்சு எழுதுங்க, சைவம்னா மீன் சாப்பிடுவீங்களான்னு கேக்கறவங்க உண்டு.

எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போனது பாப். வெள்ளை மக்காச்சோள மாவ கொதிக்கற தண்ணில கொட்டி கட்டி இல்லாம கிண்டறது, கம்பு வச்சு கிண்டற கை அசைவ பார்த்தா எங்க பாட்டி கேப்பைக்களி கிண்டினது அப்படியே கண் முன்னாடி வந்துச்சு. ஜிம்பாப்வே போனா அதே சட்சா, ஜாம்பியால ன்ஷிமா. உருட்டி, நடுவுல குழி பண்ணி, தக்காளி வெங்காயக் குழம்புல தொட்டு கையாலதான் சாப்பிடறாங்க. அன்னிக்கு எங்க குரூப்ல சிந்தாம சாப்பிட்ட ஒரே ஆள் நான்தான், சமையல்காரம்மா என் கையப் பார்த்துட்டு இன்னொரு உருண்டை வச்சாங்க. பட்டர்நட் பூசணிய தணல்ல சுட்டுத் தருவாங்க, சக்கலக்கான்னு காரமா பீன்ஸும் காயும் போட்டு ஒண்ணு, மூணு கால் இரும்புச் சட்டில மெதுவா வேகற காய்கறி. தென்னாப்பிரிக்கா சூப்பர்மார்க்கெட்ல கறி மசாலாத் தூள் சாதாரணமா கிடைக்கும், 1860-ல மெட்ராஸ்ல கிளம்பின ட்ரூரோ கப்பல்ல டர்பன் போயி இறங்கின கரும்புத் தோட்டக் கூலிங்க கொண்டு போன ருசி அது.

பருப்புப்பொடி, தொக்கு எடுத்துட்டு போறதா இருந்தா வீட்டுப் பொட்டலம் வேணாம், சீல் போட்ட பாக்கெட்டா இருக்கட்டும், பார்டர்ல கேட்டா மறைக்காம சொல்லிருங்க. மாடுகளுக்கு கோமாரி நோய் பரவாம இருக்க நமீபியாவுலயும் போட்ஸ்வானாவுலயும் நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு வேலி போட்டு வச்சிருக்காங்க, செக்போஸ்ட்ல இறங்கி மருந்து தண்ணி நனைச்ச மேட்ல செருப்ப மிதிச்சுட்டுத்தான் போகணும், பச்சைக் கறி இருந்தா வாங்கி வச்சுக்குவாங்க.

விசா, ஊசி, மலேரியா மாத்திரை பத்தி விவரமா சொல்லுங்க. (சென்னை வாசகர்)

விசா விதிகள் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி, அடிக்கடி மாறுது, அதனால அந்தந்த தூதரகத்துல புக் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க. ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் வைங்க: நீங்க ஒரு நாட்டுக்குள்ள எத்தன தடவ நுழையறீங்கன்னு எண்ணுங்க. கேப் டவுன்ல ஆரம்பிச்சு விக்டோரியா அருவி வரை போயிட்டு, திரும்ப ஜோகன்னஸ்பர்க் வந்து வெளிய தங்கிட்டு விமானம் ஏறினா தென்னாப்பிரிக்காவுக்குள்ள ரெண்டாவது நுழைவு. பாஸ்போர்ட்ல காலிப் பக்கம் நிறைய இருக்கணும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசிய பொறுத்தவரை, நீங்க போற வழி முக்கியம். நைரோபி, அடிஸ் அபாபா வழியா டிக்கெட் போட்டு அங்க 12 மணி நேரத்துக்கு மேல இருந்தா தென்னாப்பிரிக்காவுல சர்டிபிகேட் கேப்பாங்க. திரும்பி வர்றப்ப நம்ம ஊர்லயும் இதுல ரொம்ப கண்டிப்பு. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க, போட்டு 10 நாள் கழிச்சுத்தான் செல்லும், அதுக்கப்புறம் ஆயுசுக்கும் போதும். கடைசி வாரம் வரைக்கும் தள்ளாதீங்க.

மலேரியா கேப் டவுன்லயும் தெற்கு நமீபியாவுலயும் இல்ல. வடக்க எட்டோஷா பார்க் பக்கம் போனதுல இருந்து டெல்டா, சோபே, விக்டோரியா அருவி வரைக்கும் இருக்கு. மாத்திரைய அந்தப் பகுதிக்குப் போறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு, வெளிய வந்த பிறகும் தொடரணும், எத்தன நாள்ங்கறது எந்த மாத்திரைங்கறதப் பொறுத்தது. டாக்சிசைக்ளின் சாப்பிட்டா வெயில் பட்டா தோல் சீக்கிரம் கருகும். உங்க டாக்டர் எழுதிக் குடுக்கறதத்தான் சாப்பிடணும், என்ன கேட்டு சாப்பிடக் கூடாது. ஊருக்கு வந்த பிறகு காய்ச்சல் வந்தா "ஆப்பிரிக்கா போயிருந்தேன்"னு டாக்டர் கிட்ட முதல் வாக்கியமா சொல்லுங்க.

சார்ஜருக்கு என்ன பிளக்? (ஈரோடு)

நம்ம வீட்டுல கீசருக்கு, ஏசிக்கு போடற பெரிய மூணு உருண்டை பின் பிளக் இருக்குல்ல, தென்னாப்பிரிக்கா, நமீபியால பெரும்பாலும் அதேதான். அந்த பின் வச்ச அடாப்டர் ஒண்ணு நம்ம ஊரு எலக்ட்ரிக்கல் கடைலயே வாங்கிருங்க. ஜிம்பாப்வேல சதுர பின், அதுக்கு வேற.

காசு எப்படி எடுத்துட்டு போறது? (திருப்பூர் வாசகர்)

தென்னாப்பிரிக்கா காசு ராண்ட், அது வச்சிருந்தா நமீபியாவுலயும் ஓடும், நமீபிய டாலர் அதோட ஒண்ணுக்கு ஒண்ணு மதிப்பு. ஆனா நமீபிய டாலர தென்னாப்பிரிக்கால யாரும் வாங்க மாட்டாங்க, நாட்ட விட்டு கிளம்பறதுக்கு முன்னாடி தீர்த்துருங்க. போட்ஸ்வானாவுல புலா. புலான்னா அவங்க மொழில மழைன்னு அர்த்தம், நாட்டுல பெரும்பகுதி கலஹாரியா இருக்கற மக்கள் காசுக்கு மழைன்னு பேர் வச்சிருக்காங்க, அந்த நோட்ட முதல் தடவ கைல வாங்கினப்ப ராமநாதபுரத்துல வளர்ந்த எனக்கு என்னமோ பண்ணுச்சு. ஜிம்பாப்வேக்கு சின்ன அமெரிக்க டாலர் நோட்டுகளா, கிழியாம அழுக்கில்லாம. கட்டணத்துக்கு மேல "லோக்கல் பேமென்ட்"னு ட்ரிப் ஆரம்பிக்கறப்ப ரொக்கமா கேக்கற கம்பெனிங்க உண்டு, விலை பார்க்கறப்ப அதையும் கூட்டிப் பாருங்க.

ஹிம்பா பழங்குடி பெண்கள போட்டோ எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. கிராமத்துக்கு கூட்டிட்டு போவாங்களா? (காலேஜ் மாணவர், திருநெல்வேலி)

நமீபியால கூட்டிட்டு போற ட்ரிப் உண்டு தம்பி. உடம்பு பூரா செம்மண் கல்லப் பொடிச்சு வெண்ணெயோட குழைச்சு பூசியிருப்பாங்க, ஒட்ஜிசேன்னு பேரு, வெயிலுக்கும் வறட்சிக்கும் அது காப்பு. ஆனா கேமராவ பைக்குள்ள வச்சுட்டு இறங்கு. முதல்ல வணக்கம் சொல்லு, அவங்க வணக்கத்த கைடு கிட்ட கேட்டு கத்துக்கிட்டு போ. கேட்டு, அவங்க சரின்னா எடு. நான் போன அன்னிக்கு ஒரு பாட்டி என் காதுல தொங்கற ஜிமிக்கிய தொட்டு தொட்டு பார்த்துட்டு, அவங்க கழுத்துல கிடந்த சங்க தூக்கிக் காமிச்சாங்க. அரை மணி நேரம் நகையப் பத்தியே சைகைல பேசினோம். போட்டோ எடுக்க எனக்கு ஞாபகமே வரல.

நீ கேக்கல, ஆனாலும் சொல்றேன், நமீபியா போனா ஸ்வகோப்முண்ட் வரும். ஜெர்மன்காரங்க கட்டின கடலோர ஊரு, அழகா இருக்கும், எல்லாரும் பாராசூட்ல குதிக்கவும் மணல்மேட்டுல பைக் ஓட்டவும் போவாங்க. நீ ஒரு மணி நேரம் ஒதுக்கி ஊர் ஓரத்துல இருக்கற கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போ. முன்னாடி புல்வெளியோட பளிங்குக் கல் கல்லறைங்க. அதத் தாண்டிப் போனா வெறும் மணல், பேர் இல்லாத மண்மேடு வரிசை வரிசையா பாலைவனம் வரைக்கும் போகும். 1904-ல இருந்து 1908 வரைக்கும் ஜெர்மன் படை ஹெரேரோ, நாமா மக்கள பல்லாயிரக்கணக்குல கொன்னுச்சு, பாலைவனத்துக்குள்ள விரட்டி தண்ணிக் கிணறுகள மறிச்சுக்கிட்டாங்க, தப்பினவங்கள முகாம்ல அடைச்சு வேலை வாங்கியே சாகடிச்சாங்க. அது இனப்படுகொலைதான்னு ஜெர்மனி அரசாங்கம் அதிகாரப்பூர்வமா ஒத்துக்கிட்டது 2021-ல. ரோட்டுல நீளப் பாவாடை கட்டி, மாட்டுக் கொம்பு மாதிரி ரெண்டு பக்கமும் நீட்டின தலைப்பாகையோட ஹெரேரோ அம்மாக்கள பார்ப்ப. இது தெரிஞ்சிட்டு பார்த்தா வேற மாதிரி பார்ப்ப.

போட்ஸ்வானால கான்ஸி பக்கம் கலஹாரி பழங்குடிகளான சான் மக்கள் கூட ஒரு நடை கூட்டிட்டு போவாங்க, கிழங்கு தோண்டிக் காமிப்பாங்க, நாக்க சொடக்கி பேசற அந்த மொழிய அப்படியே கேட்டுக்கிட்டே இருக்கலாம். அவங்க சொந்தங்கள மத்திய கலஹாரில இருந்து அரசாங்கம் வெளியேத்தி, அவங்க கோர்ட்டுக்குப் போயி 2006-ல ஜெயிச்சாங்க. தோல் ஆடை நமக்காக போட்டுக்கறது, வீட்டுல ஜீன்ஸும் சட்டையும்தான், அதையும் மரியாதையா கேட்டா அவங்களே சொல்வாங்க.

எட்டு வயசுப் பையன கூட்டிட்டு போலாமா? (ஓசூர் வாசகி)

குரூப் ட்ரக்ல பெரும்பாலும் அந்த வயசுக்கு விட மாட்டாங்கம்மா, ஒரு நாள்ல எட்டு மணி நேரம் உக்காந்து வர்றதும் குழந்தைக்கு தண்டனை. அதுக்கு பதிலா நமீபியா மட்டும் எடுத்துக்கங்க, விண்ட்ஹூக்ல கூரை மேல டென்ட் வச்ச ஃபோர் வீல் வண்டி வாடகைக்கு கிடைக்கும், அங்கயும் இடது பக்கம்தான் ஓட்டணும். இன்டர்நேஷனல் பர்மிட் எடுத்துக்கங்க. சரளை ரோட்டுல 80-க்கு மேல போகவே கூடாது, ரோடு காலியா நேரா இருக்கேன்னு மிதிச்சு வண்டி உருண்டு போறதுதான் அங்க வர்றவங்களுக்கு பெரிய ஆபத்து. டயர்ல காத்து கொஞ்சம் குறைச்சுக்கங்க, எவ்ளோன்னு வண்டி குடுக்கறவங்களே சொல்வாங்க. பெட்ரோல் பங்க் கண்ணுல பட்டா பாதி டேங்க் இருந்தாலும் நிரப்புங்க. இருட்டறதுக்குள்ள கேம்ப் சேர்ந்துருங்க, கூடுன்னு ஒரு பெரிய மான் சட்டுன்னு குறுக்க பாயும்.

வயசு 63. மூட்டு வலி உண்டு. ஆசை விடல. (காரைக்குடி வாசகி)

அம்மா, ஒரே ட்ரக், ஒரே வழி, ஆனா ராத்திரி ரூம்ல தங்கற ட்ரிப்பும் நிறைய கம்பெனி நடத்தறாங்க, அத கேளுங்க. வயசு வரம்பு ஒவ்வொருத்தரும் ஒண்ணு வச்சிருக்காங்க, டாக்டர் சர்டிபிகேட் கேக்கலாம். ட்ரக் படி ரொம்ப உயரம், ஒரு நாளைக்கு பத்து தடவ ஏறி இறங்கணும், அதுதான் மூட்டுக்கு சோதனை. இப்பவே மாடிப்படி ஏறிப் பழகுங்க. நமீப் பாலைவனத்துல மணல்மேடு ஏற முடியலன்னா விடுங்க, அங்கயே டெட்ஃப்ளேன்னு ஒரு இடம் இருக்கு, அங்க போங்க, அங்க போறதுக்கு மணல்ல ஒரு கிலோமீட்டர் மாதிரி நடை, மெதுவா போனா போயிரலாம். வெள்ளைக் களிமண் தரை, சுத்தியும் செம்மண் மேடு, நடுவுல கருப்பா மரங்க. செத்து 600, 700 வருஷம் ஆச்சாம், உளுத்துப் போகக் கூட காத்துல ஈரம் இல்லாததால அப்படியே நிக்குது.

20 நாள்ல ஒரே ஒரு இடம் மறுபடியும் போகலாம்னா எங்க போவீங்க? (புதுச்சேரி வாசகர்)

எட்டோஷா, ஒகாகுயேயோ கேம்ப், ராத்திரி தண்ணிக்குட்டை. யோசிக்கவே மாட்டேன். 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல இருக்கற பார்க், நடுவுல விண்வெளில இருந்து பார்த்தாலே தெரியற வெள்ளை உப்புத் தரை. நீங்க எங்கயும் அலைய வேணாம், கேம்ப் ஓரத்துலயே ஒரு குட்டை, மங்கலா வெளிச்சம் போட்டிருப்பாங்க, இந்தப் பக்கம் தாழ்வா ஒரு சுவர், பெஞ்சு. போர்வைய சுத்திக்கிட்டு போயி உக்காரணும், பேசக் கூடாது.

முதல்ல ஒட்டகச்சிவிங்கி வந்துச்சு, கால ரெண்டு பக்கமும் அகட்டி, தயங்கி, மறுபடியும் நிமிர்ந்து சுத்திப் பார்த்து, ஒரு வாய் தண்ணிக்கு கால் மணி நேரம். பதினோரு மணிக்கு மேல கருப்பு காண்டாமிருகம் ஒண்ணு, பின்னாடியே அதோட குட்டி. தாய் குடிச்சுது, குட்டி தாயோட வயித்துக்கடில நின்னு எட்டிப் பார்த்துச்சு. தண்ணில ரெண்டோட உருவமும் தலைகீழா அசையாம தெரியுது. எதிர்க்கரையில யானைக் கூட்டம் வந்து நின்னதும் காண்டாமிருகம் மூச்ச விட்டுச்சு பாருங்க, ரயில் எஞ்சின் நீராவி விடற சத்தம், ஆனா இடத்த விட்டு நகரல. யானைங்கதான் சுத்தி வேற பக்கம் போச்சு. கொம்புக்காக இத வெட்டிக் கொல்றாங்கன்னு படிச்சிருக்கேன், அந்தக் குட்டி நாக்க நீட்டி தண்ணி மேல இருந்த வெளிச்சத்த நக்கினத பார்த்த பிறகு அந்தச் செய்திகள என்னால முன்ன மாதிரி படிச்சிட்டு பக்கத்த திருப்ப முடியல. ரெண்டரை மணி வரைக்கும் உக்காந்திருந்தேன், அஞ்சு மணிக்கு டென்ட் மடக்கணும்னு தெரிஞ்சும்.

ஸ்கூல் டீச்சர் நான். மே மாச லீவுல மட்டும்தான் முடியும். அது சரியான சீசனா? (கரூர்)

நல்ல மாசம் டீச்சர். மழை முடிஞ்சு வறட்சி ஆரம்பிக்கற நேரம். புல் இன்னும் உயரமா இருக்கும், குட்டைகள்ல தண்ணி இருக்கும், அதனால ஆகஸ்ட், செப்டம்பர்ல மாதிரி மிருகங்க ஒரே இடத்துல கூட்டமா வராது, கொஞ்சம் பொறுமையா தேடணும். ஆனா அங்கோலா மலைல ஜனவரி, பிப்ரவரில பெய்ஞ்ச மழை மாசக்கணக்கா நகர்ந்து அப்பத்தான் டெல்டாவுக்குள்ள பரவிக்கிட்டு இருக்கும், ஊரே காய்ஞ்சு கிடக்கறப்ப வெயில்ல வெள்ளம் வர்ற அதிசயத்த நீங்க பார்க்கலாம். விக்டோரியா அருவில தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டும், 1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம், மோசி-ஓவா-துன்யான்னு அந்த ஊர்க்காரங்க வச்ச பேரு, இடிமுழங்கும் புகைன்னு அர்த்தம். மே மாசம் சாரல்ல எதிர்ல எதுவும் தெரியாம கூட போகலாம், தொப்பலா நனைவீங்க, ஃபோன பிளாஸ்டிக் கவர்ல போட்டுக்கங்க. அக்டோபர், நவம்பர்ல போறவங்களுக்கு பாறை நல்லா தெரியும், ஜாம்பியா பக்கம் தண்ணியே வத்திப் போயிருக்கும்.

கேப் டவுன்ல மே கடைசில மழை ஆரம்பிச்சுரும், அதனால மாசத் தொடக்கத்துலயே அங்கருந்து கிளம்பற தேதி இருக்கான்னு பாருங்க. பேப்பர் திருத்தற வேலை எப்ப முடியும்னு கேட்டுட்டு டிக்கெட் போடுங்க. ஸ்லீப்பிங் பேக் கெட்டியானதா வாங்குங்க.